மௌனம் மரியாதை ஆகாத வகுப்பறை

கடல் கடந்து சென்று உயர்கல்வி பயிலும் நம் நாட்டு இளைஞர்களின் தொகை அண்மை ஆண்டுகளில் பெரிதும் பெருகியுள்ளது. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் பயின்றும், படிப்பை முடித்துப் பயிற்சி பெற்றும் வந்த அயல்நாட்டு மாணவர்கள் 11 இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 3 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவ்வாண்டில் சீன நாட்டையும் பின்தள்ளி இந்தியா முதலிடம் பெற்றது. நம் பங்குகளிலும் மகனையோ மகளையோ அங்கு அனுப்பிவிட்டு, நேர வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கைப்பேசியின் அருகே காத்திருக்கும் குடும்பங்கள் இன்று பல.

பயணத்திற்கு முன் அவ்வில்லங்களில் நிகழும் ஆயத்தங்களை நாம் அறிவோம். வங்கிக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் அடகு வைக்கப்படுகின்றது. விசா நேர்முகத்திற்காகக் கேள்விகள் மனப்பாடம் செய்யப்படுகின்றன. கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, ஊறுகாய், சிறிய குக்கர் என்று பெட்டி நிரம்புகின்றது. புறப்படும் ஞாயிறன்று திருப்பலியில் ஒரு வேண்டுதலும் ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. ஆனால் ஓர் ஆயத்தத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அந்நாட்டு வகுப்பறையில் மாணவன் என்பவன் என்ன செய்ய வேண்டியவன் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. இத்திங்கள் இப்பகுதியில் நாம் எண்ணிப் பார்க்க விழைவது இதனையே. மகனுக்கு நாம் கூறுவதெல்லாம் மகளுக்கும் பொருந்தும் எனக் கொள்க.

ஊரில் முதல் வகுப்பில் தேறிய மாணவன், அங்கு சென்ற மூன்றாம் மாதத்தில் தடுமாறுகின்றான் என்றால், அறிவுக் குறைவே காரணம் என்று கருதலாகாது. ஆங்கிலமும் பெரும்பாலும் காரணமன்று. நாம் அவனுக்கு நற்பண்புகள் எனக் கற்றுக்கொடுத்த இரண்டு வழக்கங்கள் அங்கு வேறுவிதமாகப் பொருள் கொள்ளப்படுகின்றன. ஆசிரியர் முன் வாய் திறவாதிருத்தல் ஒன்று. நூலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதுதல் மற்றொன்று. முன்னதை அங்கு ஈடுபாடின்மை என்பர். பின்னதைத் திருட்டு என்பர். இவ்வுண்மையைப் புறப்படும் முன்னரே அறிந்து செல்பவன் பாதித் துன்பத்தைத் தவிர்த்துவிடுகின்றான்.

முதல் நாள் தரப்படும் தாள்

நம் கல்லூரிகளுள் பெரும்பாலானவற்றில் பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம், கற்பிப்பவர் ஒருவர், வினாத்தாள் தயாரிப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் வேறு சிலர். ஆகவே செமஸ்டரின் இறுதியில் இரவு பகலாகப் படித்துத் தேறிவிடலாம் என்னும் துணிவு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரியிலோ பாடத்தை வகுப்பவரும், கற்பிப்பவரும், வினா அமைப்பவரும், மதிப்பெண் தருபவரும் பெரும்பாலும் ஒரே பேராசிரியரே. பெரிய வகுப்புகளில் அவருக்கு உதவியாக ஆராய்ச்சி மாணவர் சிலர் இருப்பர்.

அவர் முதல் நாளில் தரும் சிலபஸ் என்னும் தாள், நாம் கருதுவதுபோலப் பாடத் தலைப்புகளின் வெறும் பட்டியலன்று. அது ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையேயுள்ள ஓர் உடன்படிக்கை போன்றது. எந்த நாளில் எந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரவேண்டும், எந்தக் கட்டுரை எந்த மணிக்குள் சேர வேண்டும், தாமதித்தால் எத்தனை மதிப்பெண் குறையும், வீட்டுப்பாடத்திற்கு எவ்வளவு, இடைத் தேர்வுக்கு எவ்வளவு, வகுப்பில் பேசுவதற்கு எவ்வளவு என்பவை அனைத்தும் அதில் இருக்கும். அதனைப் படியாதவன், சட்டத்தை அறியாமல் வழக்காடச் சென்றவனை ஒப்பான்.

வேலைப் பளுவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கிரெடிட் என்பது அங்கு படிப்பை அளக்கும் அலகு. அமெரிக்கக் கூட்டரசின் வரையறைப்படி, ஒரு கிரெடிட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேரத் தனிப் படிப்பும் தேவை. இளநிலைப் பட்ட மாணவன் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ஆக, வகுப்பு 12 மணி, தனிப் படிப்பு 24 மணி. வாரத்திற்கு 36 மணி. நேர அட்டவணையில் 12 மணி நேர வகுப்பை மட்டும் கண்டு, இவ்வளவுதானா என்று மகிழ்பவன் மறைந்திருக்கும் 24 மணியை மறந்துவிடுகின்றான். செலவைச் சமாளிக்க வளாகத்திலேயே ஒரு வேலையையும் ஏற்கின்றான். செமஸ்டர் நடைபெறும்போது வாரத்திற்கு 20 மணி நேரம் வரையே அவ்வாறு உழைக்க அனுமதி உண்டு. இவ்விரண்டையும் கூட்டினால் 56 மணி ஆகின்றது. சமையலும் துணி துவைத்தலும் இக்கணக்கில் சேரா. எனவே முதல் மூன்று வாரங்களில் பின்தங்கியவன் இறுதித் தேர்வில் எழுந்துவிடலாம் என எண்ணுவது வீண் நம்பிக்கையே.

வாய் திறத்தல் குற்றமன்று

நம் வகுப்பறைகளில் ஆசிரியர் நுழையும்போது எழுந்து நிற்கின்றோம். அவர் பேசும்போது குறுக்கிடாமல் இருக்கின்றோம். ஐயம் எழுந்தாலும் அடக்கிக்கொள்கின்றோம். இது நல்லொழுக்கமே, இதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் இம்மௌனத்தைக் காணும்போது, இம்மாணவன் படிக்காமல் வந்திருக்கின்றான், அல்லது இவனுக்கு இப்பாடத்தில் நாட்டமில்லை என்றே கொள்வார். பல பாடங்களில் வகுப்பு உரையாடலுக்கென்றே மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கும். எல்லாம் அறிந்தும் வாய் திறவாதவன் அதனை இழப்பான்.

"பேராசிரியர் கூறியதை நான் மறுக்கலாமா?" என்று நம் பிள்ளை அஞ்சுவான். மறுக்கலாம், ஆனால் காரணத்தோடு மறுக்க வேண்டும். அங்கு மதிப்பிற்கு அடையாளம் தலைகுனிவன்று; படித்துவிட்டு வருதலும், நேரம் தவறாமையும், பிறர் பேசும்போது செவிமடுத்தலுமே. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதா என்பதும் அவனைக் கலங்க வைக்கும். 'புரொபசர்' அல்லது 'டாக்டர்' என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைத்தல் எங்கும் பிழையாகாது. அவரே வேறுவிதமாக அழைக்கச் சொன்னால் அவ்வாறு அழைக்கலாம்.

தன் கருத்தை வெளியிடுவதால் விளையும் நன்மைக்கு நம் தமிழகத்தாரிடையே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. 1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்காய்வுத் துறையில் தேர்ச்சி பெற்றவர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி ஆங்கு ஒரு தேவாலயத்தில் அவர் சொற்பொழிவாற்றினார். அது பற்றிய நாளிதழ்ச் செய்தியைக் கண்ட கொலம்பியாப் பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே பொது நிதியியலின் நோக்கில் ஆராயுமாறு தம் மாணவரைத் தூண்டினார். அவ்வாராய்ச்சி பின்னர் காந்தியடிகளின் 'யங் இந்தியா' ஏட்டில் தொடராக வெளிவந்தது. குமரப்பாவும் காந்தியப் பொருளியலின் பேரறிஞராக மலர்ந்தார். அவர் வாய் மூடி இருந்திருப்பின், அப்பேராசிரியர் அவருடைய உள்ளத்தில் எரிந்த வினாவை எங்ஙனம் அறிந்திருப்பார்?

பலர் முன் பேசக் கூசும் மாணவனுக்கு மற்றொரு வாயிலும் உண்டு. 'ஆபீஸ் அவர்ஸ்' என்று ஒவ்வொரு பேராசிரியரும் வாரந்தோறும் சில மணி நேரம் ஒதுக்கி வைத்திருப்பார். அது அவருடைய அலுவலக வேலைக்குரிய நேரமன்று; மாணவர் தம்மை வந்து காண்பதற்கென்றே அவர் திறந்து வைத்திருக்கும் நேரம். சென்று நின்றால் தொந்தரவாகுமோ என நம் பிள்ளை தயங்குகின்றான். கதவோ திறந்தே கிடக்கின்றது. செல்லும்போது வெறுங்கையோடு "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று கூறாமல், "இக்கணக்கை இவ்வடி வரை செய்தேன், இதற்கு மேல் வழி தெரியவில்லை" என்று காட்டுதல் வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு பேராசிரியரையும் ஒரு முறையேனும் சந்தித்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது சாலச் சிறந்தது. பின்னர் இடர் நேரும்போது அவன் அவருக்கு முன்பின் அறியாதவனாக இரான்.

பிறர் சொல்லும் தன் சொல்லும்

இனி, இரண்டாம் இடருக்கு வருவோம். நூலில் உள்ள விளக்கத்தை அப்படியே எழுதுபவனுக்கு நம் தேர்வுகளில் பெரும்பாலும் முழு மதிப்பெண் கிட்டுகின்றது. அதே பழக்கத்தில் அமெரிக்கக் கல்லூரியில் ஒரு கட்டுரைக்காக ஏதோ ஒரு நூலின் பத்தியை எடுத்து எழுதி, எங்கிருந்து எடுத்தது எனக் குறியாது விட்டால், அது எழுத்துத் திருட்டு எனப்படும். கட்டுரைக்குச் சுழி, பாடத்தில் தோல்வி, மீண்டும் நேர்ந்தால் கல்லூரியினின்று நீக்கம் எனத் தண்டனைகள் கடுமையானவை. நீக்கப்பட்ட அயல்நாட்டு மாணவன் அந்நாட்டில் தங்கும் உரிமையையும் இழக்கின்றான். "எனக்குத் தெரியாது" என்பது ஆங்கு நல்ல விடையாகக் கொள்ளப்படுவதில்லை.

விதி எளிதே. பிறருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இட்டு, மூலத்தைக் குறிக்க வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துத் தன் நடையில் எழுதினாலும் மூலத்தைக் குறிக்க வேண்டும். நான்கு சொற்களை மாற்றி வைத்தல் தன் நடை ஆகாது. மூலத்தைக் குறிக்கும் முறைகள் ஏ.பி.ஏ., சிகாகோ, எம்.எல்.ஏ. எனப் பலவாம். (பின்னதற்கும் நம் சட்டமன்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!) எம்முறையைப் பின்பற்றுவது என்பதைச் சிலபஸ் கூறும்.

வீட்டுப்பாடத்திலும் எச்சரிக்கை தேவை. நண்பனுக்குக் காட்டுதலை நாம் உதவி என்போம். தனியே செய்ய வேண்டிய பணியில் அங்கு அது குற்றம். காட்டியவனும் பார்த்தவனும் ஒருங்கே தண்டனை பெறுவர். நம் ஊர் மாணவர் ஒரே வீட்டில் கூடி வாழுமிடத்துச் சென்ற ஆண்டு எழுதப்பட்ட பழைய விடைகள் கைமாறுவதுண்டு. அன்பின் பெயரால் வரும் அக்கொடையை நம் பிள்ளை மறுக்கவே வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தமட்டில், ஒரு பேராசிரியர் அனுமதிப்பதை மற்றொருவர் தடை செய்வார். ஆகவே ஒவ்வொரு பாடத்திற்கும் முதலிலேயே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இவ்விதிகளை அயல்நாட்டாரைச் சிக்க வைக்கும் பொறி என எண்ணலாகாது. 1842ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், தேர்வில் பிறர் உதவி பெறவில்லை என்று மாணவர் தம் மானத்தின் மீது உறுதி கூறும் வழக்கம் தோன்றியது. மாணவனின் சொல்லை நம்புகின்றோம் என்பதே அதன் அடிப்படை. நம்பிக்கை பெரிதாயிருக்கும் இடத்தில் அதனை முறிப்போர்க்குத் தண்டனையும் பெரிதாகவே இருக்கும். எழுதத் தெரியாதவன் கற்றுக்கொள்ள ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளிலும் எழுத்துப் பயிற்சி மையம் உண்டு. கட்டணமின்றிப் பக்கத்தில் அமர்ந்து வழி காட்டுவர். பர்டியூ பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் எழுத்துக்கூடம் 1994 முதல் உலகெங்கும் உள்ளோர்க்குப் பயன்படுகின்றது. புறப்படும் முன்னரே நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து அதனைக் கண்டு பழகலாம்.

தடுக்கி விழும்போது

இத்தனையும் அறிந்து சென்றவனும் தடுமாறக்கூடும். அப்போது அவன் செய்யத்தகாதது ஒன்று உண்டு. கடினமாயிருக்கும் பாடத்தை யாரையும் கேளாமல் தானே கைவிட்டுவிடுதல் கூடாது. எஃப்-1 விசாவில் உள்ளவன் முழுநேர மாணவனாகவே இருத்தல் வேண்டும். முன் அனுமதியின்றி அவ்வளவிற்குக் கீழே இறங்கினால் விசாத் தகுதியே கெடும்.

ஆனால் சட்டம் இரக்கமற்றதன்று. ஆங்கிலத்திலோ, படிக்க வேண்டிய அளவிலோ தொடக்கத்தில் ஏற்படும் இடர்ப்பாடு, அமெரிக்கக் கற்பித்தல் முறையில் பழக்கமின்மை, தகுதிக்கு ஒவ்வாத பாடநிலையில் சேர்க்கப்பட்டமை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிப் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள மாணவர் விசா விதியே இடமளிக்கின்றது. ஒரு பட்டப்படிப்பில் ஒரு முறை மட்டும், குறைந்தது முழுச் சுமையின் பாதியையேனும் படித்துக்கொண்டு, அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்பும் நிபந்தனையோடு இச்சலுகை தரப்படும். நோயுற்றவர்க்கு, மருத்துவர் சான்றின் பேரில், இதனினும் கூடுதலான சலுகை உண்டு. இவற்றைப் பெற வேண்டுமாயின், பாடத்தை விடுவதற்கு முன் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியைக் கண்டு அனுமதி பெறுதல் வேண்டும். பெற்றோர்களே, கவனியுங்கள்! புது முறைக்குப் பழக நாளாகும் என்பதை அந்நாட்டு அரசின் விதியே ஒப்புக்கொள்கின்றது. நாம் நம் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமையேனும் காட்ட வேண்டாமா?

வீட்டிலும் ஒரு மௌனம்

இங்கேதான் பெற்றோராகிய நம் பொறுப்பு தொடங்குகின்றது. 1974இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவனின் கல்விப் பதிவுகள் அவனுக்கே உரியவை. அவன் எழுதிக் கொடுத்தாலன்றி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவனுடைய மதிப்பெண்ணைக் கல்லூரி பெற்றோருக்கும் வெளியிடாது. நம் ஊரில் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு விசாரிக்கலாம்; அங்கு அவ்வழி அடைபட்டுள்ளது. பிள்ளை வாய் திறந்து கூறினால் அறிவோம், கூறாவிட்டால் அறியோம்.

அவன் ஏன் கூறுவதில்லை? அடகு வைத்த வீட்டை அவன் அறிவான். "மாமா பையன் முதல் செமஸ்டரிலேயே எல்லாவற்றிலும் ஏ வாங்கினானாம்" என்று நாம் கூறியதை அவன் மறக்கவில்லை. ஆகவே "எப்படிப் படிக்கிறாய், தம்பி?" என்று கேட்டால், "நன்றாகத்தான் இருக்கிறேன், அப்பா" என்று கூறிக் கைப்பேசியை வைத்துவிடுகின்றான். வகுப்பறையில் பேராசிரியரிடம் காட்டிய அதே மௌனத்தை இப்போது வீட்டாரிடமும் காட்டுகின்றான். உதவக்கூடியவர் இரு புறமும் இருக்க, நடுவில் அவன் தனியே மூழ்குகின்றான்.

இம்மௌனத்தைக் கலைக்க வல்லவர் நாமே. வழியனுப்பும் முன் ஒரு மாலையில் அவனை அருகில் அமர்த்தி, "மகனே, ஒரு பாடத்தில் நீ தோற்றாலும் எங்களிடம் முதலில் சொல். கடனைப் பற்றி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன்னை இழக்க எங்களால் ஆகாது" என்று தெளிவாகக் கூறிவிடுவோம். இச்சொற்கள் எந்தப் பெட்டியிலும் வைத்தனுப்ப முடியாத பொருள். சென்ற பின்னர் வாரந்தோறும் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொள்வோம். "எத்தனை மார்க்?" என்பதற்குப் பதிலாக, "இவ்வாரம் எந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்த்தாய்? வகுப்பில் என்ன கேட்டாய்?" என்று வினவுவோம். உதவி கேட்பது இழிவன்று என்பதை அக்கேள்வியே அவனுக்கு உணர்த்தும்.

அவனுடைய குரலில் சோர்வு தொடர்ந்து தென்பட்டால் அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதிருப்போம். கல்லூரிகள் பலவற்றில் மனநல ஆலோசகர் உண்டு. அவரிடம் செல்வதால் விசாவுக்குக் கேடு வருமோ, பெயர் கெடுமோ என்ற அச்சத்தால் நம் பிள்ளைகள் தயங்குவர். தயங்க வேண்டாம் என்று நாமே கூறுவோம். உயிருக்கே ஆபத்தான மனநெருக்கடியில் அந்நாட்டில் 988 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. கத்தோலிக்க மாணவர்க்கு இன்னுமொரு நிழலும் உண்டு. 1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நியூமன் மன்றத்தைப் பின்பற்றி, கத்தோலிக்கம் சாராத கல்லூரிகள் பலவற்றிலும் இன்று நியூமன் மையங்கள் இயங்குகின்றன. ஞாயிறு திருப்பலியோடு, தெரிந்த முகங்கள் சிலவும் அங்கு கிடைக்கும்.

பங்குகளிலும் செய்யத்தக்கது உண்டு. அமெரிக்காவில் பயின்று விடுமுறையில் வரும் மூத்த மாணவர் ஒருவரை அழைத்து, புறப்படவிருக்கும் இளையோரோடு ஒரு பிற்பகல் அமரச் செய்யலாம். அவர் வெற்றிக் கதையை மட்டும் கூறாமல், பயின்ற பாடமொன்றின் சிலபஸ் தாளைக் கொணர்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். குறைந்த மதிப்பெண் பெற்ற கட்டுரையையும், அதன் ஓரத்தில் பேராசிரியர் எழுதிய குறிப்புகளையும் காட்டட்டும். சொற்பொழிவுகள் பலவற்றினும் அது பயன் மிக்கது.

ஆசிரியர் முன் அடங்கி நிற்கக் கற்பித்த நாம், வேண்டும் இடத்தில் எழுந்து வினவவும் கற்பிப்போமாக. பணிவு என்பது வாய்மூடி நிற்பது மட்டுமன்று. "எனக்குத் தெரியவில்லை, கற்றுத் தாருங்கள்" என்று கேட்பதும் பணிவே. இதனை நம் பிள்ளைகள் முதன்முதலில் பழக வேண்டிய இடம் அயல்நாட்டு வகுப்பறையன்று. நம் வீட்டு உணவு மேசையே. அங்கே அவர்களுடைய கேள்வியை "சும்மா இரு" என்று அடக்காதிருக்க இன்றே தொடங்குவோம்.